காபிக்கு முந்தைய ஒரு மணி நேரம்

14

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. நெல்ஸ் எழுந்தான். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தான். அடுப்பின் மேலிருந்த டைமரை அறுபது நிமிடத்துக்குத் திருகி வைத்தான். காபிப் பொடியை அளந்து இயந்திரத்தில் போட்டான். பொத்தானை அழுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

வெளியே இருட்டு. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு காட்டியது. எதிர்வீட்டுக்காரர் தெருவாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார்.

ஆறரைக்கு டைமர் மணி அடித்தது. பொத்தானை அழுத்தினான். இழுப்பறையிலிருந்து ஸ்பூன் எடுத்தான். நீளக் கைப்பிடி ஸ்பூன் ஒன்றும் அதில் கிடக்கிறது. அதை அவன் தொடுவதில்லை.

அவனுக்கு எந்த நோயும் இல்லை. எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. மாத்திரை கிர்ஸ்டனுடையது. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காபியைத் தொடக்கூடாது. அவள் எதிரில் உட்கார்ந்து தான் மட்டும் குடிப்பது நியாயமில்லை என்று கல்யாணமான புதிதில் அவனும் காத்திருக்க ஆரம்பித்தான். ஏழு வருஷம் காத்திருந்தான். அவள் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. டைமரை இன்னும் திருகிக்கொண்டிருக்கிறான்.

மேஜை மேல் பழுப்பு உறை. இதுவரை கூட வந்தவர்களுக்கு அந்த உறை தெரியும். உள்ளே மூன்று தாள்கள். கிர்ஸ்டனின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இரண்டு. அவளுடைய அக்கா மாரிட் விற்கும் கூந்தல் பொடி டப்பாவிலிருந்து உரித்த லேபிள் ஒன்று.

விஷயம் இவ்வளவுதான். கிர்ஸ்டனின் கழுத்திலிருந்த தைராய்டு சுரப்பியை அவள் உடம்பே பகையாளி என்று நினைத்து அரித்துத் தின்றது. சுரப்பி செய்யாததை மாத்திரை செய்தது. நன்றாகத்தான் இருந்தாள். முடி மட்டும் கொட்டியது. உள்ளுக்குச் சாப்பிட அக்கா பொடி கொடுத்தாள். முடி வளர்ந்த மாதிரியும் இருந்தது. பொடியில் பயோட்டின் என்ற வைட்டமின் அளவுக்கு மீறி இருந்தது. அது உடம்பை ஒன்றும் செய்யாது. பரிசோதனையை ஏமாற்றும். மருந்து சரியாக இருக்கிற ரத்தத்தை மருந்து மிஞ்சிய ரத்தம் என்று காட்டும்.

கிளினிக்கில் மாத்திரையைப் பாதியாக்கினார்கள். மூன்று மாதம் கழித்து அதிலும் பாதி. ஜனவரியில் சளி நெஞ்சில் இறங்கியது. போராட உடம்பில் சூடே இல்லை. ஃபார்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் கண் மூடினாள். திறக்கவில்லை. வயது முப்பத்தொன்று.

ஊரார் நிமோனியா என்றார்கள். அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து, மருந்துக்கடை வெர்லின்தான் "முடிக்கு ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். நெல்ஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கூட்டம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தான். சென்ற வாரம் கூட்டம் தபாலில் வந்தது. சனிக்கிழமை மதியம், சர்ச்சின் அடித்தள ஹாலில், மாரிட் பொடி விற்கும் விருந்து. அழைப்பு அட்டையில் கிர்ஸ்டனின் புகைப்படம். கீழே, 'அவள் நினைவாக.'

இன்று சனிக்கிழமை. உறையைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டான்.

*

மாமனார் ஆர்லோ தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். எழுபத்தொரு வயது. பீட் கிழங்கு வயல்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாமல் இருப்பவர். கையில் எலுமிச்சை இனிப்பு செய்த தகரத் தட்டு.

"நீ வருவேன்னு நினைக்கலடா பையா."

"வரணும்னு தோணுச்சு."

"மாரிட்டுக்கு சந்தோஷமா இருக்கும். ஆறு மாசமா அவ பக்கமே நீ எட்டிப் பாக்கல."

"வேலை இருந்துச்சு."

"ரோடு அளக்கறவனுக்குப் பனிக்காலத்துல என்ன வேலை? பனியை அளந்தியா?"

நெல்ஸ் வண்டியைக் கிளப்பினான். ஆர்லோ தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஹீட்டரின் பக்கம் கையை நீட்டினார்.

"கொஞ்சம் குறைச்சுக்கறேன். மாரிட் வீட்டுல போய் வெந்து வந்திருக்கேன். ரொட்டி சுடலாம் அங்க. அந்தச் சூட்டுலயும் கோட்டைக் கழட்டாம உக்காந்திருக்கா. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தூங்கறா. மாரிட்டு! சின்ன வயசுல தூங்குன்னா அடிக்க வருவா."

"டாக்டர்கிட்ட போனாளா?"

"செப்டம்பர்லயே போனா. அதேதான். கிர்ஸ்டனுக்கு வந்ததேதான். அவங்க அம்மா வழியில வருதாம்."

சாலையில் பனி பாம்பு பாம்பாக ஊர்ந்தது. நெல்ஸ் வேகத்தைக் குறைத்தான்.

"எனக்கு யாரும் சொல்லல."

"நீ கேக்கல. கேக்காம நம்ம ஊர்ல யார் வாயைத் திறப்பா?"

"மாத்திரை சாப்பிடறாளா?"

"சாப்பிடறா. ரெண்டு மாசம் நல்லா இருந்தா. அப்புறம் முடி கொட்டுதுன்னு அவ பொடியை அவளே சாப்பிட ஆரம்பிச்சா. அதுவரைக்கும் வித்ததோட சரி, வாயில வச்சதில்ல. டிசம்பர்ல ரத்தம் எடுத்தாங்க. மருந்து மிஞ்சிப்போச்சாம். பாதியாக்கிட்டாங்க. திங்கக்கிழமை மறுபடி எடுக்கறாங்க."

"இன்னும் குறைப்பாங்க."

"அப்படித்தான் அந்த நர்ஸ் பொண்ணும் சொன்னாளாம். உனக்கு எப்படித் தெரியும்?"

"கிர்ஸ்டனுக்கும் குறைச்சாங்க."

"அப்ப குணமாகுதுன்னு அர்த்தம்," என்றார் ஆர்லோ. தட்டின் மூடியைத் தட்டிக்கொண்டார்.

 நெல்ஸின் நெஞ்சில் உறை உரசியது. அது திடீரென்று தேவையில்லாத சுமை மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக அவன் கூர்தீட்டியதை, அவன் கை படாமலே, வேறு யாரோ மாரிட்டின் கழுத்தில் வைத்திருந்தார்கள். வைத்தவளும் அவளேதான்.

*

ஹாலில் முப்பது பெண்கள் இருந்தார்கள். மடக்கு மேஜைகள். ஒரு பக்கம் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்த பெரிய தட்டுகள். மறுபக்கம் பொடி டப்பாக்கள், மூன்றடுக்கு கோபுரமாக. கோபுரத்தின் உச்சியில் சட்டம் போட்ட கிர்ஸ்டன். புதிதாக வளர்ந்த முடி தோளில் விழுந்திருந்தது. அந்தப் படத்தை எடுத்தவன் நெல்ஸ்.

மாரிட் மெல்ல நடந்து வந்தாள். அவளுக்கு முப்பத்தாறு. கம்பளிக் கையுறையோடு அவன் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியாடா. நீ வருவேன்னு நான் சொன்னேன். யாரும் நம்பல."

குரல் கரகரத்தது. நெல்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். கன்னங்கள் ஊதியிருந்தன. கண்ணுக்குக் கீழே தண்ணீர் கட்டியிருந்தது. புருவத்தின் வெளிப்பாதியில் முடி இல்லை. அங்கே பென்சிலால் வரைந்திருந்தாள். கிர்ஸ்டனும் கடைசி நவம்பரில் அப்படித்தான் வரைந்துகொண்டாள். இடது பக்கம் சற்று மேலே தூக்கிவிடும். மாரிட்டுக்கும் தூக்கியிருந்தது.

"எப்படி இருக்கே?" என்று கேட்டான்.

"மோசமில்ல."

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அறுவடை போனாலும் மோசமில்லை. கால் ஒடிந்தாலும் மோசமில்லை.

விருந்து தொடங்கியது. மாரிட் பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். தேடித் தேடிப் பேசினாள். பெண்கள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"என் தங்கச்சியை உங்க எல்லாருக்கும் தெரியும். அவ போன அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா. 'மாரிட், என் முடியைப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு. நீ நிறுத்திடாத. மத்தவங்களுக்கும் குடு.' அதுதான் அவ கடைசியாப் பேசினது."

கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அன்றைக்கு மாரிட் நூறு மைல் தள்ளி ஒரு கண்காட்சியில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸில் இருந்தவன் நெல்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கும் லவான் எழுந்து நின்றாள்.

"எனக்கும் அதே கழுத்து வியாதிதான். கோடையிலேருந்து இந்தப் பொடி சாப்பிடறேன். போன வாரம் டாக்டர் மாத்திரையைக் குறைச்சுட்டார்! பொடி உள்ளுக்குள்ள ஏதோ சரி பண்ணுது, நான் சொல்றேன். மூணு டப்பா எடுத்து வை மாரிட். திங்கக்கிழமை அரிசோனா கிளம்பறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். லவான் மட்டும் தோள்மேல் சால்வையை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

நெல்ஸ் எழுந்தான். நாற்காலி தரையில் கீச்சிட்டது. முப்பது தலைகள் திரும்பின.

"நெல்ஸ் ஏதோ சொல்லணும்ங்கறான்," என்றாள் மாரிட். கண்ணில் நீர் நின்றது. "சொல்லுடா."

கை உள்பைக்குப் போனது. இந்த நிமிடத்தை அவன் நூறு முறை பார்த்திருக்கிறான். தாளைப் பிரிப்பது. படிப்பது. அவள் முகம் மாறுவதைப் பார்ப்பது. டப்பாக் கோபுரத்தைக் காலால் எட்டி உதைப்பது வரை யோசித்திருந்தான்.

அந்த ஊதிய முகத்தைப் பார்த்தான். எதற்கு அவசரம்? திங்கட்கிழமை ரத்தம் எடுப்பார்கள். மாத்திரை இன்னும் பாதியாகும். மார்ச் குளிரில் ஒரு சளி போதும். அவன் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். யாரும் அவனைக் கைநீட்டிச் சொல்ல முடியாது. பேசாமல் இருப்பது இந்த ஊரில் குற்றமில்லை. நல்ல வளர்ப்பு.

"காபி நல்லா இருக்கு," என்றான்.

காபி வெந்நீர் மாதிரி இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். யாரோ, "பாவம், வெட்கப்படறான்," என்றார்கள். அவன் உட்கார்ந்தான். பதின்மூன்று மாதத்தில் முதல் முறையாகப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டான்.

*

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஆர்லோ காரின் மேல் பனியைத் தட்டப் போனார். நெல்ஸ் மேஜைகளை மடக்கினான்.

எலுமிச்சைத் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். ஒருத்தி பாதி வெட்டுவாள். அடுத்தவள் அந்தப் பாதியில் பாதி. இப்போது விரல் நகம் அளவுக்கு வந்து நின்றிருந்தது. மாரிட் கத்தியை எடுத்து அதையும் இரண்டாக்கினாள்.

"இந்தா, உனக்குப் பாதி."

"வேணாம்."

"எடுத்துக்கோடா."

"வேணாம் மாரிட்."

அவள் வற்புறுத்தவில்லை. நாற்காலியில் சரிந்தாள். பூட்ஸைக் கழற்ற முயன்றாள். கால் வீங்கி அது வரவில்லை. விட்டுவிட்டாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். சும்மா கேட்பது போல.

"ஒன்பதுக்கு. மருந்து அதிகமாயிருக்காம் எனக்கு. 'நெஞ்சு படபடன்னு அடிக்குதா'ன்னு அந்தப் பொண்ணு போன்ல கேட்டா. 'இருக்கும்'னு சொன்னேன்."

"அடிக்குதா?"

"இல்ல. அடிக்கறதே தெரியல சில நேரம். ஆனா அவ அவ்வளவு பிரியமாக் கேக்கும்போது எப்படி இல்லைன்னு சொல்றது?"

கிர்ஸ்டனும் அதேதான் சொன்னாள். அதே வார்த்தை, அதே காரணம். நெல்ஸ் அடுத்த மேஜையின் காலை மடக்கினான். இரும்பு விரலைக் கடித்தது.

"அந்த ஒரு மணி நேரம்தான்டா கஷ்டம்," என்றாள் மாரிட். "மாத்திரையைப் போட்டுட்டுக் காபிக்குக் காத்திருக்கறது. கிர்ஸ்டன் சொல்லுவா, நாளுக்கே அதுதான் நல்ல நேரம்னு. அவளுக்கு நீ எதிர்ல உக்காந்திருந்தே. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இந்தக் களைப்பு என்னைக் கொண்டுபோனாலும் போகட்டும். ஒரு நிம்மதி இருக்கு. அவளுக்கு நான் ஒரு நல்லது பண்ணினேன். வளர்ந்த முடியோடதான் போனா. அதை நினைச்சுக்கிட்டா நல்லாத் தூங்கறேன் நான்."

நெல்ஸின் கை நின்றது.

நல்லாத் தூங்குகிறாள். அவன் பதின்மூன்று மாதமாக இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் கூரையைப் பார்த்துக் கிடக்கிறான். இவள் நல்லாத் தூங்குகிறாள். இப்படியே விட்டால் இப்படியே போவாள், நிம்மதியாக, தங்கைக்கு நல்லது செய்தவளாக. சர்ச்சில் பூ வைப்பார்கள். அவனும் ஒரு பூ வைக்க வேண்டியிருக்கும்.

தெரியாமல் செத்தால் இவள் தப்பித்துவிடுவாள்.

கூடாது. இவள் இருக்க வேண்டும். எண்பது வயது வரை இருக்க வேண்டும். தெரிந்துகொண்டு இருக்க வேண்டும்.

உறையை எடுத்தான். மூன்று தாள்களையும் எலுமிச்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தான்.

"படி."

"என்னடா இது?"

"படிக்க முடியலைன்னா நான் சொல்றேன். இது உன் டப்பா. இந்த வரியில இருக்கற சத்து ரத்தப் பரிசோதனையை ஏமாத்தும். இது கிர்ஸ்டனோட முதல் தாள். மருந்து மிஞ்சிடுச்சுன்னு சொல்லுது. பொய். இது ரெண்டாவது. இதுவும் பொய். ரெண்டு தடவை மாத்திரையைக் குறைச்சாங்க. சளியால அவ சாகல. உன் பொடியால."

மாரிட் தாளைப் பார்த்தாள். உதடு எண்களோடு அசைந்தது. அவளுக்கு இப்போதெல்லாம் எதுவும் மெதுவாகத்தான் புரியும். அவன் நின்று பார்த்தான். அதை அவன் வேகப்படுத்தவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தான்.

"திங்கக்கிழமை..." என்றாள்.

"திங்கக்கிழமை உனக்கும் அதே பொய்தான் வரும். பொடியை இன்னிக்கே நிறுத்து. கிளினிக்குக்குப் போன் போட்டு என்ன சாப்பிடறேன்னு சொல்லு. எப்ப ரத்தம் எடுக்கணும்னு அவங்க சொல்லட்டும். நெஞ்சு அடிக்குதான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. வாயைத் திறந்து சொல்லு. மரியாதை பாத்துச் சாகாத."

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"போன வருஷம் பிப்ரவரி."

"ஒரு வருஷம் சும்மா இருந்தியா?"

"இருந்தேன். இன்னிக்கும் இருக்கப் பாத்தேன். நீ நல்லாத் தூங்கறேன்னு சொல்லியிருக்கக்கூடாது."

மாரிட்டின் கண்கள் தாளிலிருந்து எழுந்தன. மந்தமான கண்கள். ஆனாலும் வந்து சரியான இடத்தில் குத்தின.

"பொடியைத் தினமும் யாருடா கலக்கிக் குடுத்தது அவளுக்கு?"

ஹாலின் கொதிகலன் உறுமி அடங்கியது.

"நான்," என்றான். "ஆரஞ்சு ஜூஸ்ல. நீள ஸ்பூனால."

"அப்ப நாம ரெண்டு பேரும்."

"ஆமா. ரெண்டு பேரும்."

அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. வெர்லினிடம்கூட. சொன்ன பிறகு பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

மாரிட் பெயர்ப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். இன்று டப்பா வாங்கியவர்கள். கையுறை விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி ஒன்றில் நின்றது. லவான். மூன்று டப்பா. மாரிட் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்ணை அழுத்தவில்லை. அழுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். அழுத்தாவிட்டால் லவான் திங்கட்கிழமை மூன்று டப்பாவோடு கிளம்பிவிடுவாள்.

படிக்கட்டில் பனி சொட்டியது. நெல்ஸ் திரும்பிப் பார்த்தான். நடுப்படியில் ஆர்லோவின் பூட்ஸ் தெரிந்தது. முழங்காலுக்கு மேல் சுவர் மறைத்தது. அவர் எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. பூட்ஸ் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"நெல்ஸ்," என்றாள் மாரிட். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "அவ சொன்னதா நான் சொல்றது என் கற்பனை. எனக்கே தெரியும். நான் அங்க இல்ல. சொல்லிச் சொல்லி நிஜமாயிடுச்சு. நீ இருந்தே. நிஜமா என்ன சொன்னா?"

"கேக்காத."

"என்னைத் திட்டினாளா?"

"இல்ல."

"திட்டியிருந்தா சொல்லிடு. தாங்கிப்பேன்."

தாங்கிக்கொள்வாள். திட்டு என்றால் தாங்கிக்கொள்வாள். அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்திருந்தான். உறைக்குள் போடாத தாள் இது.

"ஆம்புலன்ஸ்ல வேலை பாக்கற ஒரு சின்னப் பொண்ணு," என்றான். "கிர்ஸ்டன் தூங்கிடக்கூடாதுன்னு எதையாவது கேட்டுக்கிட்டே வந்தா. உள்ள சூடு ஜாஸ்தி வச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு குல்லாவைக் கழட்டினா. நெத்தியில முடி கம்மி. கிர்ஸ்டன் அதையே பாத்துக்கிட்டிருந்தா. நாக்கு தடிச்சுப்போச்சு, வார்த்தை வரல. ரெண்டு தடவை ஆரம்பிச்சு விட்டா. மூணாவது தடவை சொல்லிட்டா. சிரிச்சா. கண்ணை மூடிக்கிட்டா."

"என்ன சொன்னா?"

அவன் சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உங்களுக்கு முடி கொட்டுதா? எங்க அக்கா ஒரு பொடி தர்றா. நம்பர் தரட்டுமா?"